காயம் ஆறியாச்சு, வேலைக்கு ஏன் போக முடியவில்லை?

பெட்டி தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு, இரண்டு மாதமாக மெடிக்கல் லீவில் இருக்கும் ஒரு கிடங்குத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். மாத்திரை, ஓய்வு, பிசியோதெரபி எல்லாம் முடிந்துவிட்டது. தசை ஆறிவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஃபிட்னெஸ் சர்டிபிகேட்டும் கையில் இருக்கிறது. ஆனால் மனிதர் வேலைக்குப் போகவில்லை. குனிந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளுமோ என்ற பயம். சரியான தூக்கம் இல்லை. இத்தனை நாள் கழித்துப் போய் நின்றால் சூப்பர்வைசர் என்ன சொல்வாரோ என்ற கூச்சம் வேறு. வீட்டில் இருப்பவர்களும் ‘இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போ’ என்கிறார்கள்.

இவர் நடிக்கிறார் என்று சொல்ல ஆள் இருக்கும். ‘எல்லாம் மனசுதான், தைரியமா இரு’ என்று சொல்லவும் ஆள் இருக்கும். இரண்டு பேச்சாலும் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அவருடைய வலி நிஜம், பயமும் நிஜம். சிகிச்சை தசையோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான். மிச்சத்தைக் கவனிக்கிற ஏற்பாட்டைப் பணி மறுவாழ்வு என்கிறோம். உடலுக்குப் பயிற்சி, மனதுக்கு ஆதரவு, வேலையிடத்தில் தேவையான மாற்றங்கள் ஆகிய மூன்றையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்து, ஒருவரைப் படிப்படியாக வேலைக்குத் திரும்ப வைப்பது இதன் நோக்கம்.

‘ஒரே திட்டத்துக்குள்’ என்பதுதான் இதில் முக்கியம். நம்மில் பலர் மனதில் ஒரு வரிசை இருக்கிறது: முதலில் உடம்பு சரியாகட்டும், அப்புறம் மனசு தேறட்டும், கடைசியில் வேலையைப் பற்றி யோசிக்கலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பலரை மாதக்கணக்கில் வீட்டிலேயே உட்கார வைப்பது இந்த வரிசைதான்.

உடம்பும் மனசும் சிக்கிக்கொள்ளும் இடம்

1977-ல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நோயை உடலில் ஏற்பட்ட பழுதாக மட்டும் பார்த்தால் போதாது. ஒருவர் எவ்வளவு முடங்குகிறார், எப்படித் தேறுகிறார் என்பதில் அவருடைய மனநிலைக்கும் சூழலுக்கும் பங்கு உண்டு என்பது அவருடைய வாதம். உடல், உளம், சமூகம் என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் இந்தப் பார்வையின் மேல்தான் இன்றைய மறுவாழ்வுத் திட்டங்கள் பெரும்பாலும் நிற்கின்றன.

முதுகுவலியில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். வலி வருகிறது. ‘உள்ளே ஏதோ பெரிதாகக் கெட்டுப்போயிருக்கிறது’ என்று தோன்றுகிறது. அதனால் குனிவதை, தூக்குவதை, கொஞ்ச நாளில் நடப்பதைக்கூட ஒருவர் தவிர்க்கிறார். அசையாத தசை பலம் இழக்கிறது. பலம் இழந்த தசை சின்ன வேலைக்கே வலிக்கிறது. ‘பார்த்தீர்களா, நான் சொன்னேன் இல்லையா’ என்று பயம் இன்னும் கெட்டிப்படுகிறது. வெளியே போவது குறைகிறது, மனம் சோர்கிறது, தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் வலி இன்னும் கூடுதலாகத் தெரிகிறது. யோஹான் விளேயன், ஸ்டீவன் லிண்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-ல் இந்தச் சுழலைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து எழுதினார்கள். ‘பயம்-தவிர்ப்பு மாதிரி’ என்பது இதற்குத் துறையில் வழங்கும் பெயர்.

இந்தச் சுழலில் மனம் எங்கே முடிகிறது, உடம்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. பிசியோதெரபி மட்டும் கொடுத்தால், பயம் பயிற்சியைச் செய்யவிடாது. கவுன்சலிங் மட்டும் கொடுத்தால், தைரியம் வந்தாலும் பலமில்லாத முதுகு முதல் நாளே காலை வாரிவிடும்.

பயத்துக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டும் தன் பங்குக்குத் தீனி போடும். ‘டிஸ்க் தேய்ந்திருக்கிறது’ என்ற ஒரு வரியைப் படித்துவிட்டு, இனி வாழ்நாள் முழுக்க குனியவே கூடாது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015-ல் வெளிவந்தது. 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. வலி எதுவும் இல்லாத ஆட்கள் இவர்கள்! தேய்மானத்துக்கும் வலிக்கும் தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. ரிப்போர்ட்டில் உள்ள சொல்லை வைத்துக்கொண்டு எதிர்காலத்தைக் கணிக்க முடியாது என்று எடுத்துக்கொள்ளலாம். இதை நோயாளிக்குப் பொறுமையாகப் புரியவைப்பதே சிகிச்சையின் ஒரு பகுதி.

ஓய்வு விஷயத்திலும் இப்படித்தான். முதுகுவலி என்றால் படுத்தே கிட என்று சொன்ன காலம் உண்டு. 1986-ல் ரிச்சர்ட் டியோ குழுவினர் அமெரிக்காவில் நடத்திய சோதனையில் ஒரு பிரிவினருக்கு 2 நாள் படுக்கை ஓய்வும், இன்னொரு பிரிவினருக்கு 7 நாள் ஓய்வும் பரிந்துரைத்தார்கள். 2 நாள்காரர்கள் எடுத்த லீவு 45 சதவீதம் குறைவு. மற்றபடி குணமாவதில் இரு பிரிவினருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நீண்ட ஓய்வால் அங்கே ஒரு லாபமும் கிடைக்கவில்லை, வேலைநாள்தான் போயிற்று.

எதிர்ப்பக்கத்திலிருந்து வருபவர்களும் உண்டு. மனச்சோர்வால் லீவில் இருக்கும் ஒரு கணக்காளருக்கு உடம்பில் அடியும் இல்லை, காயமும் இல்லை. ஆனால் அவர் தூங்கும் நேரம் தலைகீழாகியிருக்கும். சாப்பாடு குறைந்திருக்கும். மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தாலே அசந்துபோவார். அவருக்கு மாத்திரையும் பேச்சும் மட்டும் போதாது. நடைப்பயிற்சியும் தூக்க ஒழுங்கும் உடல் தெம்பைக் கூட்டும் திட்டமும் வேண்டும். பக்கவாதம், மாரடைப்பு, புற்றுநோய் சிகிச்சை ஆகியவற்றிலிருந்து தேறி வருபவர்களுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்தே அடி விழுந்திருக்கும். புற்றுநோய் சிகிச்சை முடிந்த பிறகும் நீடிக்கும் அந்த அசதி, தூங்கி எழுந்தால் போகிற சாதாரணக் களைப்பு மாதிரி இருப்பதில்லை. கட்டி போய்விட்டதே, இன்னும் என்ன என்று அலுவலகத்தில் கேட்பவர்களுக்கு இது தெரியாது.

திட்டத்துக்குள் என்னதான் நடக்கும்?

பெரிய மருத்துவமனைகளிலும் மறுவாழ்வு மையங்களிலும் ஒரு குழு இருக்கும். மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், உளவியலாளர் ஆகியோரோடு, சில இடங்களில் வேலையிடத்துடன் பேசுவதற்கென்றே ஓர் ஒருங்கிணைப்பாளரும் இருப்பார். ஆக்குபேஷனல் தெரபிஸ்டை நம்மில் பலர் பிசியோதெரபிஸ்டோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். எளிமையாகச் சொன்னால், முழங்கை எவ்வளவு மடங்குகிறது என்று பிசியோதெரபிஸ்ட் பார்த்தால், அந்த முழங்கையை வைத்துக்கொண்டு உங்களால் உங்கள் மெஷினை ஓட்ட முடியுமா என்று பார்ப்பவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்.

முதல் வேலை மதிப்பீடு. ஆபத்தான நோய் எதுவும் ஒளிந்திருக்கிறதா என்பதை மருத்துவர் முதலில் பார்த்துவிட வேண்டும். முதுகுவலியோடு சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல் ஆகியவை இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். துறையில் இவற்றைச் சிவப்புக் கொடி என்பார்கள். நாம் மேலே பார்த்த பயமும் சோர்வும் ‘அசைந்தால் கெட்டுவிடும்’ என்ற நம்பிக்கையும் மஞ்சள் கொடிகள். வேலை பிடிக்கவில்லை, மேலாளர் ஆதரவு இல்லை, வேலைப்பளு தாங்கவில்லை என்று ஒருவருக்குத் தோன்றுவது நீலக் கொடி. மாற்று வேலையே இல்லாத நிறுவன விதிகள், இழுத்தடிக்கும் காப்பீட்டு நடைமுறை போன்றவை கறுப்புக் கொடி. தொழிலாளியின் கையில் எது இருக்கிறது, எது இல்லை என்று இந்தப் பிரிவினை காட்டிக்கொடுக்கும். கறுப்புக் கொடியை எந்த உடற்பயிற்சியும் கவுன்சலிங்கும் இறக்கிவிடாது.

அடுத்தது படிப்படியான பயிற்சி. இதற்கு ஒரு சுவாரசியமான தர்க்கம் உண்டு. பொதுவாக நாம் என்ன செய்வோம்? வலி வரும்வரை செய்துவிட்டு, வலி வந்ததும் நிறுத்துவோம். நல்ல நாளில் சேர்த்துவைத்த வேலை அத்தனையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுத்துக் கிடப்போம். எப்போது நிறுத்துவது என்பதை இங்கே முடிவு செய்வது வலிதான். ஓய்வு, வலிக்குக் கிடைக்கும் பரிசு போல ஆகிவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் 1960-களிலும் 70-களிலும் இதைத் திருப்பிப் போட்டார். எவ்வளவு செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே எண்ணிக்கையாகவோ நிமிடமாகவோ நிர்ணயித்துவிட வேண்டும். ஒருவரால் 10 நிமிடம் நடக்க முடிகிறது என்றால், 7 அல்லது 8 நிமிடத்தில் தொடங்கலாம். நல்ல நாளானாலும் அதற்கு மேல் இல்லை, மோசமான நாளானாலும் அதற்குக் கீழே இல்லை. சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல நாளில் நிறுத்துவதுதான் பலருக்குக் கஷ்டமாக இருக்கும்.

தசையைப் பலப்படுத்தும் அதே நேரத்தில் இது மூளைக்கும் பாடம் நடத்துகிறது. ‘குனிந்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்ற அனுபவம் திரும்பத் திரும்பக் கிடைக்கும்போது பயம் தானாக இறங்குகிறது. எத்தனை முறை சொன்னாலும் நம்பாத ஒன்றை உடம்பு செய்து பார்த்து நம்புகிறது. உடற்பயிற்சியையும் உளவியலையும் தனித்தனி அறைகளில் வைக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

1992-ல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் வால்வோ தொழிற்சாலைத் தொழிலாளர்கள் 103 பேரை வைத்து இது சோதிக்கப்பட்டது. எல்லோரும் முதுகுவலியால் லீவில் இருந்தவர்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு உடல்திறன் அளவீடு, முதுகைப் பற்றிய பாடம், ஃபோர்டைஸ் பாணியில் ஆளுக்கேற்ற படிப்படியான பயிற்சி, இவற்றோடு அவரவர் வேலை செய்யும் இடத்துக்கே நேரில் போய்ப் பார்ப்பது. இரண்டாம் பிரிவினர் சீக்கிரமாக வேலைக்குத் திரும்பினார்கள். வேலையிடத்துக்கு நேரில் போனார்கள் என்ற அந்தச் சின்ன விவரத்தை மறந்துவிடாதீர்கள்.

மனதுக்கான ஆதரவு: எதைப் பற்றிப் பேசுகிறோம்?

உளவியல் பக்கத்தில் அதிகம் பயன்படுவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. எண்ணம், உணர்வு, செயல் மூன்றும் எப்படி ஒன்றையொன்று இழுக்கின்றன என்று கண்டுபிடித்து, சிக்கலான எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கவும் புதுப் பழக்கங்களை ஏற்படுத்திக்கொள்ளவும் உதவும் முறை. சரி, இதைக் கொடுத்து மனச்சோர்வைக் குறைத்துவிட்டால் ஆள் வேலைக்குப் போய்விடுவார் அல்லவா? அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

2012-ல் நெதர்லாந்தில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல பதில் சொல்கிறது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற சிக்கல்களால் லீவில் இருந்தவர்களில் ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதே சிகிச்சையில் தொடக்கத்திலிருந்தே வேலையையும் சேர்த்துக்கொண்டார்கள்: வேலைக்குத் திரும்புவதற்கான திட்டம், அங்கே எது பயமுறுத்துகிறது, முதல் வாரம் எதைச் செய்யலாம் என்றெல்லாம். மனநலம் இரு பிரிவிலும் ஒரே அளவில்தான் முன்னேறியது. ஆனால் வேலையைப் பற்றிப் பேசிய பிரிவினர் 65 நாள் முன்னதாக முழுமையாக வேலைக்குத் திரும்பினார்கள். வேலைப் பேச்சை முன்கூட்டியே எடுத்ததால் யாருடைய மனநிலையும் மோசமாகவில்லை.

நோய் குணமாவது ஒன்று, வேலைக்குத் திரும்புவது இன்னொன்று. முதலாவது நடந்தால் இரண்டாவது தானாக நடந்துவிடாது.

இப்படிப்பட்ட அமர்வுகளில் பேசப்படுவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களாகத்தான் இருக்கும். ‘எங்கே போயிருந்தாய்?’ என்று சக ஊழியர் கேட்டால் என்ன பதில் சொல்வது? இதற்கு ஒரு வாக்கியத்தைத் தயார்செய்து வைத்துக்கொண்டாலே சிலருக்குப் பாதிப் பதற்றம் போய்விடும். ‘கொஞ்சம் உடம்பு சரியில்லை, இப்போது பரவாயில்லை’ என்பது போதும். அதற்கு மேல் சொல்லவேண்டிய கடமை யாருக்கும் இல்லை. திறக்காமல் கிடக்கும் நூற்றுக்கணக்கான மெயில்களை என்ன செய்வது, கூட்டத்தின் நடுவே பதற்றம் ஏறினால் எப்படி எழுந்து வெளியே வருவது, வேலையைத் தள்ளிவிடும் மேலாளரிடம் ‘இதில் எது முதலில் வேண்டும்?’ என்று எப்படிக் கேட்பது என்று ஒவ்வொன்றாகப் பேசி, நடித்துக்கூடப் பார்ப்பார்கள்.

மூன்றாவது ஆள்: வேலையிடம்

மருத்துவர்களுக்கும் சங்கடம் தரும் ஓர் உண்மை இருக்கிறது. நாள்பட்ட முதுகுவலிக்கு உடல்-உள கூட்டு மறுவாழ்வு பற்றிய 41 சோதனைகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-ல் தொகுத்துப் பார்த்தது. வலியையும் முடக்கத்தையும் குறைப்பதில் இந்தக் கூட்டு முறை வழக்கமான சிகிச்சையை விட மேல் என்று தெரிந்தது. ஆனால் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று பார்த்தபோது, உடல் சிகிச்சை மட்டும் பெற்றவர்களை விட இவர்கள் முன்னால் இருந்தாலும், வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியவில்லை. மருத்துவமனைக்குள் எவ்வளவு நன்றாகச் செய்தாலும், அந்தப் பக்கம் கிடங்கில் அதே கனமான பெட்டியும் அதே ஷிஃப்டும் காத்திருந்தால் என்ன ஆகும்?

கனடாவின் ஷெர்புரூக்கில் பாட்ரிக் லுவாசெல் குழுவினர் 1997-ல் வெளியிட்ட சோதனை இதற்கு மறுபக்கம். முதுகுவலியால் நான்கு வாரத்துக்கு மேல் வேலைக்கு வராத 130 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள்: வழக்கமான கவனிப்பு, மருத்துவ மறுவாழ்வு மட்டும், வேலையிடத் தலையீடு மட்டும், இரண்டும் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்த பிரிவினர் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களை விட 2.4 மடங்கு வேகமாகத் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அந்தப் பலனில் பெரிய பங்கு வேலையிடத் தலையீட்டிலிருந்து வந்தது. நிபுணர் ஒருவர் நேரில் போய், தொழிலாளியும் நிர்வாகமும் தொழிற்சங்கமும் ஒன்றாக உட்கார்ந்து, வேலையில் எதை மாற்றலாம் என்று பேசியதுதான் அந்தத் தலையீடு. மாயமந்திரம் ஒன்றும் இல்லை.

மாற்றங்களும் பெரும்பாலும் சாதாரணமானவை. உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய மேசை. பெட்டியைத் தரையிலிருந்து எடுக்காமல் இடுப்பு உயரத்தில் வைப்பது. கொஞ்ச காலத்துக்கு இரவு ஷிஃப்ட் வேண்டாம் என்பது. தலையில் அடிபட்டு ஞாபகத்தில் தடுமாற்றம் உள்ளவருக்கு வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதிக் கொடுப்பது, சத்தமில்லாத இடத்தில் உட்கார வைப்பது. நேரத்தையும் படிப்படியாகக் கூட்டலாம். முதல் இரண்டு வாரம் தினமும் 3 மணி நேரம், அடுத்த இரண்டு வாரம் 5 மணி நேரம், அப்புறம் முழு நேரம் என்பது ஒரு மாதிரி. வேகம் ஆளுக்கு ஆள் மாறும். நேரத்தைக் குறைத்துவிட்டு வேலையின் அளவைக் குறைக்காமல் விடும் நிறுவனங்களும் உண்டு. எட்டு மணி நேர வேலையை நான்கு மணி நேரத்தில் செய்யச் சொல்வது மறுவாழ்வில் சேராது.

சில நாடுகள் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கின்றன. ஜெர்மனியில் ஓர் ஊழியர் 12 மாதத்துக்குள் மொத்தம் 6 வாரத்துக்கு மேல் நோய் விடுப்பில் இருந்தால், அவரை வேலைக்குத் திரும்ப வைப்பதற்கான பேச்சுவார்த்தையை நிறுவனம் முன்வந்து தொடங்க வேண்டும். அதில் சேர்வதும் சேராததும் ஊழியரின் விருப்பம். நெதர்லாந்தில் 2002 முதல் நடப்பில் உள்ள சட்டம், ஊழியரும் முதலாளியும் சேர்ந்து திட்டம் போட்டு எழுத்தில் வைக்க வேண்டும் என்கிறது. பிரிட்டனில் 2010-ல் மருத்துவச் சான்றிதழின் வடிவத்தையே மாற்றினார்கள். ‘வேலைக்குத் தகுதியில்லை’ என்பதோடு, ‘இந்த மாற்றங்களைச் செய்தால் வேலை செய்யலாம்’ என்ற இரண்டாவது கட்டமும் அதில் வந்தது: நேரம் குறைத்தல், வேலையை மாற்றுதல், படிப்படியாகத் திரும்புதல், இடவசதி செய்தல். நோயா நலமா என்ற இரண்டே நிலைகளுக்கு நடுவே ஓர் இடம் இருக்கிறது என்பதை ஒரு காகிதத்தால் ஒப்புக்கொள்ள வைத்தார்கள்.

லீவில் இருப்பவரை மேலாளர் தொடர்பு கொள்ளலாமா? கொள்ளலாம், முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஒரு முறை பேசுவதே நல்லது. ஆனால் ‘எப்போது வருவாய்?’ என்று ஆரம்பிக்கக்கூடாது. ‘எப்படி இருக்கிறீர்கள், இங்கே வேலையைப் பார்த்துக்கொள்கிறோம், கவலைப்படாதீர்கள்’ என்பது ஒரு மாதிரி; கெடு வைத்துப் பேசுவது வேறு மாதிரி. நோயின் பெயரை மேலாளர் கேட்கத் தேவையில்லை. அவருக்குத் தெரியவேண்டியது இந்த ஆளால் எதைச் செய்ய முடியும், எதை இப்போதைக்கு முடியாது என்பது மட்டும். மறுவாழ்வுக் குழுவும் ஊழியரின் சம்மதம் இல்லாமல் அதற்கு மேல் ஒரு வரியும் சொல்லக்கூடாது.

சக ஊழியர்களை மறந்துவிடுகிறார்கள். இவருடைய வேலையை இத்தனை நாள் சுமந்தவர்கள் அவர்கள்தான். திரும்பி வந்தவருக்கு லேசான வேலை கொடுத்துவிட்டு, கனமானதைச் சத்தமில்லாமல் பக்கத்து ஆளிடம் தள்ளினால் மனக்கசப்பு வராமல் இருக்காது. திரும்பி வந்தவர்தான் அதைத் தினமும் முகத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

எப்போது இது வேலை செய்யாது?

வேலையே நோயைக் கொடுத்திருந்தால் கதை வேறு. அவமானப்படுத்தும் மேலாளர், முடிக்கவே முடியாத வேலைப்பளு, பாதுகாப்பில்லாத மெஷின் ஆகியவை அப்படியே இருக்கும்போது, ஊழியருக்கு மட்டும் மன உறுதி வகுப்பு எடுத்து அதே நாற்காலிக்குத் திருப்பி அனுப்புவதை மறுவாழ்வு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே முதலில் மாறவேண்டியது வேலைதான். சில சமயம் வேறு துறை, சில சமயம் வேறு நிறுவனம்.

பழைய வேலைக்குத் திரும்பவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். ஓட்டுநருக்குப் பார்வைப் புலம், அதாவது ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் பரப்பு, மிகவும் குறைந்துவிட்டால் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் ஸ்டீயரிங் திரும்பக் கிடைக்காது. அவருக்கு மறுவாழ்வு என்றால் வேறு தொழிலுக்கான பயிற்சி. இழந்த தொழிலை நினைத்து வருந்துவதற்குக் கொஞ்சம் இடமும் வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1983-ல் கொண்டுவந்த 159-ஆம் உடன்படிக்கை, உடற்குறையோ மனநலக் குறையோ உள்ள ஒருவர் பொருத்தமான வேலையைப் பெற்று, அதில் நிலைத்து, முன்னேற வழிசெய்வதே தொழில் மறுவாழ்வின் நோக்கம் என்கிறது. பழைய வேலைதான் என்று அது சொல்லவில்லை.

திரும்பிய பிறகு ஒரு சறுக்கல் வருவது சகஜம். மூன்றாவது வாரம் வலி கூடும், அல்லது பழைய பதற்றம் ஒரு காலையில் எட்டிப் பார்க்கும். அன்றைக்கு என்ன செய்வது என்பதைத் திட்டத்திலேயே முன்கூட்டி எழுதி வைத்திருப்பார்கள்: எதைக் குறைப்பது, யாருக்குச் சொல்வது, எந்தப் பயிற்சியை விடாமல் தொடர்வது, எத்தனை நாளில் மறுபடி கூட்டுவது. நம் கிடங்குத் தொழிலாளி போல யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், சிகிச்சை தருபவரிடம் அடுத்த முறை மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இவர் என்ன வேலை செய்கிறார் என்று உங்களுக்கு விவரமாகத் தெரியுமா? எதைப் பார்த்து இவர் பயப்படுகிறார் என்று கேட்டீர்களா? வேலையிடத்தோடு யார் பேசப் போகிறார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால், ஒருங்கிணைப்பாளர் கிடைக்கும்வரை அந்தப் பேச்சை ஊழியரே தொடங்கலாம். சான்றிதழில் ‘தகுதி உண்டு’ என்பதோடு எவ்வளவு எடை, எத்தனை மணி நேரம், எத்தனை வாரத்துக்கு என்று மருத்துவரை எழுதித் தரச் சொல்லி, அந்தக் காகிதத்தோடு போவது நல்லது.